கோவா விலையைக் கேளாதை, மருமோன்

வா மருமோன், இரு. கொம்மா விடியவே ரெலிபோன் எடுத்தவள். உனக்கு வடகோடி நுனாவுற்றிலை, இக்கலூயிற்றிலை கவுண்மேந்து வேலையாம். சம்பளத்தைச் சொல்லேக்கை அவளுக்குக் குரல் தழுதழுத்துப் போச்சு. இந்நேரம் ஸ்காபரோவிலை அரைவாசிச் சனத்துக்கு உன்ரை சம்பளம் தெரிஞ்சிருக்கும். மற்ற அரைவாசி தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிச்சுக்கொண்டிருக்கும். சந்தோசம்.

என்ன கையிலை, கணக்குப் பேப்பரோ? தா பாப்பம். சம்பளம். வடக்குப் படி. வரிச்சலுகை நாளுக்கு 22 டொலர். மூண்டு வருசத்திலை மார்க்கம் நகரிலை வீட்டுக்கு முற்காசு. எடேய், வடிவா எழுதியிருக்கிறாய். இந்தப் பேப்பரைச் சட்டம் போட்டுச் சுவரிலை கொழுவு. அங்கை போய்ச் சேந்த பிறகு சிரிப்பு வராத நாளிலை பாக்க உதவும்.

அந்த 22 டொலரை ஆரோ உன்ரை கையிலை எண்ணித் தருவினம் எண்டு நினைச்சுப்போட்டாய் போலை. அது வரி போடுற வருமானத்திலையிருந்து கழிக்கிற தொகை. பொக்கற்றுக்கு வாற காசில்லை. அதுவும் ஒரு வீட்டிலை ஒராள் மட்டும் கேட்டால்தான் 22. நீயும் இன்னொருத்தனும் ஒரே வீட்டிலை இருந்துகொண்டு ரெண்டு பேரும் கேட்டால் ஆளுக்கு 11. அதுக்கு மேலை நுனாவுற் அரசாங்கம் எல்லாற்றை சம்பளத்திலையும் நூற்றுக்கு 2 வீதம் தனியா எடுக்கும். உன்ரை பேப்பரிலை அதைக் காணேல்லை. சாப்பாடு எண்டும் ஒரு வரியைக் காணேல்லை. "நான் தனி ஆள்தானே மாமா, என்னத்தைச் சாப்பிடப்போறன்" எண்டுறாய். தனி ஆளா இருக்கிறதுதான்ரா அங்கை பெரிய செலவு. அதுக்குப் பிறகு வாறன்.

காசு பாக்க அந்தப் பக்கம் போன முதல் ஆள் நீயில்லை. 1576 இலை மார்ட்டின் ஃப்றோபிஷர் எண்ட இங்கிலீஸ்காரன் சீனாவுக்குக் குறுக்கு வழி தேடி வந்து இக்கலூயிற் இருக்கிற குடாவுக்குள்ளை பூந்தவன். திரும்பிப் போகேக்கை ஒரு கறுத்தக் கல்லையும் கொண்டு போனான். லண்டனிலை ஆரோ அதைத் தங்கம் எண்டு சொல்லிப்போட்டினம். பிறகென்ன, 1577 இலை ஒருக்கா, 1578 இலை 15 கப்பலோடை இன்னொருக்கா. ஆயிரம் தொன்னுக்கு மேலை கல்லை வெட்டி ஏத்திக்கொண்டு போய் உருக்கோ உருக்கெண்டு உருக்கினாங்கள். தங்கம் வரேல்லை. கொஞ்சக் கல்லை டாட்ஃபோர்ட் எண்ட இடத்திலை மதில் கட்டப் பாவிச்சினம். ஆனாலும் பார், ஆள் பேரை மட்டும் விட்டிட்டுப் போனான். ஊருக்கு 1987 வரைக்கும் ஃப்றோபிஷர் பே எண்டுதான் பேர். நீ அவனிலும் கெட்டிக்காரன், கல்லைக் கொண்டுவர மாட்டாய். அமசோன் பெட்டியளைத்தான் கொண்டு வருவாய்.

என்ரை மோள் அங்கை நேர்ஸ் வேலை செய்த காலத்திலை கோடைக்கு நான் போய் நிண்டனான். அதாலை சொல்லுறன், கடைக்குள்ளை போனால் முதல் வேலை கண்ணை மூடிக்கொள். ரெண்டாவது, கோவா விலையைக் கேளாதை. ஒட்டாவாவிலையிருந்து அந்த ஊர் 2,100 கிலோமீற்றர் அளவிலை, பிளேனிலை மூண்டு மணித்தியாலம். றோட்டும் இல்லை, ரெயிலும் இல்லை. ஊருக்கு வெளியிலை போற றோட்டொண்டுக்கு "எங்கையும் போகாத றோட்டு" எண்டே பேர் வைச்சிருக்கினம். ஒளிவு மறைவில்லாத சனம். நீ ஏறிப் போற பிளேனிலைதான் கோவாவும் ஏறி வரும். ரிக்கற் காசை உனக்குக் கந்தோர் குடுக்கும். கோவாவின்ரை ரிக்கற் காசை நீதான் குடுக்க வேணும்.

மானியம் இருக்கு எண்டு எங்கையோ வாசிச்சிருப்பாய். இருக்கு. 2011 இலையிருந்து நியூட்றிஷன் நோர்த் எண்டொரு திட்டம். காசு கடைக்காரருக்குப் போகும். கடைக்காரர் அதை விலையிலை குறைப்பினம் எண்டது ஏற்பாடு. 2014 இலை கணக்காய்வாளர் நாயகம் பாத்துப்போட்டு, முழு மானியமும் சனத்துக்குப் போய்ச் சேருதோ எண்டு உறுதிப்படுத்த வழி செய்யேல்லை எண்டு எழுதினார். படிச்ச மனிசன், மரியாதையா எழுதியிருக்கிறார். கடையிலை லைனிலை நிக்கிற கிழவியள் அதைச் சொல்லுற விதத்தை நான் உனக்குச் சொல்லேலாது, கொம்மாவுக்குத் தெரிஞ்சால் என்னைப் பேசுவாள்.

ஒண்டு மட்டும் பகிடியில்லாமல் சொல்லுறன். உனக்குக் கோவா விலை ஒரு கதை. ஸ்காபரோவுக்குப் படம் எடுத்து அனுப்பிச் சிரிப்பாய். அந்த மண்ணிலை பிறந்த கனபேருக்கு அது சிரிப்பில்லை. 2012 இலை லீசி பப்பாட்சி எண்ட இக்கலூயிற் மனிசி, கடை விலைகளைப் படம் எடுத்துப் போடுங்கோ எண்டு பேஸ்புக்கிலை கேட்டவ. ஆயிரக்கணக்கிலை சனம் அதிலை சேந்தது. கொஞ்சப்பேர் கடை வாசலிலை பதாகையோடையும் நிண்டவை. சத்தம் போட்டுக் கேக்கிற பழக்கமில்லாத சனமடா அது. அவையே றோட்டுக்கு வந்தவை எண்டால் விளங்கிக்கொள். இப்பவும் ஊருக்கை சமூகச் சமையல்கூடம் ஒண்டு நடக்குது. மத்தியானம் சூடான சாப்பாடு, காசு கேக்கிறேல்லை. பள்ளிவாசலும் 2016 இலை வந்திட்டுது, அவையும் சாப்பாட்டுச் சாமான் குடுக்கினம். நீ போய் மரக்கறி வெட்டிக் குடுக்கலாம். சம்பளத்தைப் பற்றி மட்டும் அங்கை வாய் திறவாதை.

வீட்டு வாடகை? அதை நீ கேக்கேல்லை, கந்தோர் வீடு தரும் எண்டு. தரும், தரும். வெளியிலை எடுத்தால் ரெண்டு அறை வீடு 2,500 டொலருக்குக் கீழை கிடைக்கிறது அருமை. கந்தோர் வீட்டிலை ஒரு விசேசம் என்னெண்டால், மனேச்சரோடை கோவிச்சுக்கொண்டு காலமை வேலையை விட்டால், வீட்டையும் விட வேணும். அதாலை அங்கை எல்லாரும் மனேச்சருக்கு நல்ல மரியாதை. தண்ணியும் கனக்க வீடுகளுக்கு லொறியிலைதான் வரும். தாங்கி காலியாப் போனால் லொறி வருமட்டும் சவுக்காரத்தோடை நிக்க வேண்டியதுதான். ஷவருக்குள்ளை நிண்டு பாட்டுப் படிக்கிற உன்ரை பழக்கத்துக்கு அந்த ஊர் ஒரு நல்ல வைத்தியம். 2021 ஒக்ரோபரிலை குழாய்த் தண்ணியிலை எண்ணெய் கலந்துபோய், ரெண்டு மாதம் அளவிலை ஒருத்தரும் அதைக் குடிக்கேலாமல் போச்சு. சனம் ஆத்திலை போய் அள்ளினது, போத்தில் தண்ணி பிளேனிலை வந்தது. பிளேனிலை தண்ணி வாற ஊருக்குப் போறன் எண்டு கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை.

இனித்தான் முக்கியமான விசயம். கப்பல்.

குடாவிலை ஐஸ் உடைஞ்சு ஜூலையிலை கடல் திறக்கும். ஒக்ரோபர் கடைசிக்குள்ளை மூடும். அதுக்குள்ளை வாற கப்பல்தான் ஊரின்ரை வருசம் முழுக்க. மொன்றியலுக்குப் பக்கத்துத் துறைமுகத்திலை சாமான் ஏத்துவினம்: கார், பலகை, சோபா, மா, சீனி, பம்பேர்ஸ், எல்லாம். ஊருக்குக் கரண்ட் டீசலிலை ஓடுது, அந்த டீசலும் கோடையிலை ராங்கர் கப்பலிலைதான் வரவேணும். நான் நிண்ட காலத்திலை கப்பல் வெளியிலை நங்கூரம் போட்டு நிக்கும், சாமானைப் பார்ஜிலை இறக்கிக் கரைக்குக் கொண்டு வருவினம். அங்கை வத்து, பெருக்கு எண்டால் எங்கடை பருத்தித்துறைக் கடல் மாதிரிச் சாட்டுக்கில்லை. 11, 12 மீற்றர் ஏறி இறங்கும். கடல் வத்தினால் பார்ஜ் சேத்திலை குந்திவிடும். எல்லாரும் கரையிலை நிண்டு கடலைப் பாத்துக்கொண்டிருப்பினம். 2023 இலை ஆழத் துறைமுகம் வந்திட்டுது எண்டினம். நல்லது. ஆனாலும் கரையிலை வந்து நிண்டு பாக்கிற சனம் குறைஞ்சிருக்காது, அது வேறை சந்தோசம்.

இந்தக் கப்பல் ஓடர்தான் உன்னைச் சோதிக்கப்போற பரீட்சை. ஒரு வருசத்துக்கு எவ்வளவு பருப்புத் தின்னுவாய் எண்டு உனக்குத் தெரியுமே? தெரியாது. உனக்கு வெள்ளிக்கிழமை என்ன தின்னுவாய் எண்டே வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் தெரியும். கொப்பப்பா நெல்லை வெட்டிக் கொம்பறையிலை போட்டுப்போட்டு, அடுத்த காலபோகம் வரைக்கும் எத்தினை வாய், எத்தினை சடங்கு, எத்தினை விருந்தாளி எண்டு விரலிலை எண்ணி வைச்சிருந்த மனிசன். அந்தப் படிப்பை நாங்கள் கடையிலை வித்துப்போட்டம். இக்கலூயிற்றிலை அது இன்னும் நடக்குது.

மோளோடை வேலை செய்த பெடியன் ஒருத்தன், உன்னை மாதிரிக் கணக்கிலை புலி. கடையிலை ரோய்லெற் பேப்பர் விலையைப் பாத்துப் பயந்து, கப்பலிலை போட்டான் பார் ஒரு ஓடர்! படுக்கையறை ஒண்டு முழுக்கப் பேப்பர். அவன் ஹோலிலை படுத்தவன். தேங்காய்ப்பால் ரின்னையும் மலிவெண்டு கனக்க எடுத்து, வைக்க இடமில்லாமல் வெளியிலை கப்பல் கொண்டெயினருக்குள்ளை அடுக்கினான். நவம்பர் வந்தது. பால் உறைஞ்சு ரின் எல்லாம் வீங்கி வெடிச்சுப்போச்சு. எதை வெளியிலை வைக்கலாம், எதை உள்ளுக்கை வைக்கவேணும் எண்டு பக்கத்து வீட்டுக் கிழவியிட்டை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பா. கேக்கேல்லை. ஏனெண்டால் அவனுக்கு எக்செல் தெரியும்.

வந்த சாமான் இருக்கே, அது திரும்பிப் போறதில்லை. கப்பல்காரன் கொண்டு வரக் காசு வாங்குவான், கொண்டு போகவும் காசு வாங்குவான், ஆர் குடுக்கிறது? மரப்பெட்டியை உடைச்சுக் கொட்டில் கட்டுவினம், அது நல்ல வேலை. மிச்சமெல்லாம் குப்பை மேட்டுக்கு. 2014 மே மாதத்திலை அந்தக் குப்பை மேடு பத்தி, மாதக்கணக்கா எரிஞ்சது. எரிமலை எண்டு பட்டம் வைச்சுச் சிரிச்சவை. அதாலை, புதுச் சோபா வாங்கிறதுக்கு முதல் ஜூன் வரைக்கும் பொறு. பள்ளிக்கூடம் முடியத் தெற்குக்குத் திரும்பிப் போற வாத்திமார், உத்தியோகத்தர் எல்லாம் வீட்டுச் சாமானைக் கிடைச்ச விலைக்குத் தள்ளுவினம். மூண்டு வருசத்திலை முற்காசு எண்டு கணக்குப் போட்டு வந்தவை ஒரு வருசத்திலை வித்துப்போட்டுப் போகேக்கை நல்ல மலிவாக் கிடைக்கும். நீ போகேக்கை வேறை ஆரும் உன்னட்டை வாங்குவினம், கவலைப்படாதை.

அமசோன் இருக்குத்தானே எண்டு கேப்பாய். ஓம், 2015 இலை நுனாவுற்றிலை மற்ற ஊர்களுக்குப் பிரைம் இலவச அனுப்பலை நிப்பாட்டிப்போட்டு இக்கலூயிற்றை மட்டும் விட்டு வைச்சினம். அதாலை தபால் கந்தோரிலை முழு ஊரும் லைனிலை நிக்கும். ஒரு விதத்திலை நல்லது, ஊர்ச்சனத்தோடை அறிமுகமாகலாம். 2017 இலை திறந்த பியர்க் கடை லைனிலும் பாக்கத் தபால் கந்தோர் லைன் மரியாதையான இடம்.

கோடையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீ என்னை ஒரு முசுறு எண்டு நினைப்பாய். ஜூன் நடுவிலை சூரியன் கிட்டத்தட்ட 21 மணித்தியாலம் நிக்கும். மிச்ச நேரமும் இருட்டில்லை. ராத்திரி ஒரு மணிக்குப் பிள்ளையள் சைக்கிள் ஓடும். யன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டாமல் படுத்தியோ, விடியுது விடியுது எண்டு இரவு முழுக்க எழும்பித் தேத்தண்ணி போடுவாய். ஜூலையிலை வெக்கை 12 பாகை. அந்தச் சனம் அதுக்குக் கட்டைக் கை சேட்டோடை திரியும். நீ கம்பளிச் சட்டையோடை போ, ஆரும் ஒண்டும் சொல்லாயினம், சிரிப்பினம், அவ்வளவுதான்.

ஜூன் கடைசியிலை அலியானைற் கலைவிழா. அதிலை ரெண்டு பெண்டுகள் முகத்துக்கு முகம் நிண்டு தொண்டையாலை போட்டிக்குச் சத்தம் எழுப்புவினம். முதல் சிரிக்கிற ஆள் தோல்வி. ஜூலை 9 நுனாவுற் நாள், ஊருக்கே பார்பிகியூ, காசில்லை. அண்டைக்கு உன்ரை கணக்குப் பேப்பரை வீட்டிலை வைச்சிட்டுப் போ. பிறகு ஓகஸ்டிலை கடல் வத்த, வாளியும் கையுமாச் சேத்திலை மட்டி கிண்டப் போவினம். மலையிலை பழம் பிடுங்கப் போவினம். ஆத்திலை சார் மீன். ரக்சியிலை போனாலும் தனியப் போகேலாது; ஊருக்கை எங்கை போனாலும் ஆளுக்கு ஒரே காசு, வழியிலை கை காட்டுற எல்லாரையும் ஏத்துவான். உன்னை மாதிரிக் காதிலை வயரைக் கொழுவிக்கொண்டு இருக்கிற ஆளுக்கு அது பெரிய தண்டனை.

இப்ப அந்தத் தனி ஆள் கதைக்கு வாறன். ஊர்ச் சாப்பாடு எண்டொண்டு இருக்கு: சார் மீன், சீல், மட்டி, திமிங்கிலத் தோல், கரிபூ மான். கரிபூவுக்கு 2015 இலையிருந்து கட்டுப்பாடு. பாஃபின் தீவு முழுக்க வருசத்துக்கு 250 எண்டு அந்த வருசம் எண்ணிக்கை வைச்சவை. உனக்குச் சீலும் திமிங்கிலமும் வேட்டையாட உரிமை இல்லை, மீனுக்கும் லைசென்ஸ் வேணும். அப்ப உனக்கு அது எப்பிடி வரும்? ஆரும் தந்தால்தான் வரும். ஆர் தருவினம்? தெரிஞ்ச ஆள் தரும்.

அது சும்மா வாற சாப்பாடெண்டும் நினையாதை. படகு, எஞ்சின், ரவை, பெற்றோல், எல்லாம் நீ பாத்துப் பயந்த அதே விலையிலைதான் வேட்டைக்காரனும் வாங்கிறான். கடலிலை ரெண்டு நாள் நிண்டு அவன் கொண்டு வாற சீலை, தாய்க்கு, பெரியம்மாவுக்கு, பக்கத்து வீட்டுக்கு எண்டு குடுத்து முடிச்சுப்போட்டுத்தான் தான் தின்னுவான். 2011 ஓகஸ்டிலை நூறு வருசத்துக்குப் பிறகு அந்த ஊர்க்காரர் ஒரு பெரிய போஹெட் திமிங்கிலம் பிடிச்சவை. படகு படகாச் சனம் போய் வெட்டினது. ஆரும் தராசு கொண்டு போகேல்லை.

விருந்தெண்டு கூப்பிட்டால் போ. நிலத்திலை காட்போட் மட்டையை விரிச்சு, அதிலை இறைச்சியும் மீனும் பச்சையாக் கிடக்கும். கிழவியள் ஊலு எண்ட பிறைக் கத்தியாலை வெட்டி வாய்க்குள்ளை போடுவினம். சம்மணம் கட்டி இரு, அதிலையாவது நாங்கள் ஆருக்கும் குறைஞ்சாக்களில்லை. "நான் சைவம்" எண்டு விரிவுரை வைக்காதை. கொம்மாவுக்குத் தெரியாமல் நீ டான்போர்த்திலை என்ன தின்னுறாய் எண்டு எனக்குத் தெரியும். தாறதை வாங்கு. அடுத்தமுறை கடலுக்குப் போறவனுக்கு ஒரு கான் பெற்றோல் நிரப்பிக் குடு. கப்பல் வாற அண்டு பக்கத்து வீட்டுக் கிழவியின்ரை மா மூட்டையைத் தூக்கிக் குடு. கதவைத் தட்டாமல் பிள்ளையள் உள்ளுக்கை வந்து நிண்டால் பிஸ்கற் குடு. இப்பிடி ஒரு கோடை செய்தால், மாரியிலை ஆரோ ஒரு மீனை உன்ரை வாசலிலை வைச்சிட்டுப் போவான். கதவைப் பூட்டி, யன்னலுக்கும் அலுமினியத் தாளை ஒட்டி, உள்ளுக்கை இருந்து காசு மிச்சம் பிடிச்சியோ, அந்தக் கோவாவை முழு விலை குடுத்துத் தின்ன அந்த ஊரிலை நீ ஒருத்தன்தான் இருப்பாய்.

சரி, எழும்பு, நேரம் போகுது. அந்தப் பேப்பரைத் திருப்பு, பின்பக்கத்திலை எழுது. கப்பலுக்குச் சாமான் துறைமுகத்திலை குடுக்கிறதுக்குக் கடைசித் திகதி இருக்கு, அது கப்பல் வெளிக்கிட முதலே முடிஞ்சு போகும். முதல் அதைக் கேட்டு எழுது. பருப்பு, அரிசி, மா. ரின் சாமான் எல்லாம் வீட்டுக்குள்ளை. மிளகாய்த்தூள் கொம்மா இடிச்சுத் தருவாள், ரெண்டு மடங்காக் கேள். ஒரு பங்கு உனக்கு, மற்றது பக்கத்து வீட்டுக்கு.